ஃபார்மேட் பண்ணிடுங்க, பாத்துக்கலாம்

புதுக் கம்ப்யூட்டருக்கு மாறப்போகிறீர்களா? வாழ்த்துகள். இந்த வேலையை ஒழுங்காகச் செய்தால் சனிக்கிழமை மத்தியானத்தோடு முடிந்துவிடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள்? கீழே சொல்லும் முறையைப் பின்பற்றுங்கள், ஒரு மாதத்துக்குக் கவலையில்லை. இதில் பாதிப் படிகள் உங்களுக்கு ஏற்கெனவே கைவந்தவைதான். இருந்தாலும் வரிசைப்படி செய்தால் பலன் கூடும்.

1. நல்ல நாள் பாருங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. வருடக்கணக்கில் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். திரையில் நினைவூட்டலும் வந்துகொண்டேதான் இருந்தது. நீங்கள் ஒவ்வொரு முறையும் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி அதை மூடினீர்கள். அருமை, அப்படியே தொடருங்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ‘கடக், கடக்’ என்று சத்தம் வரும்வரை பொறுமையாக இருங்கள். வந்துவிட்டால் ஃபேனைக் கொஞ்சம் வேகமாக வையுங்கள், கேட்காது.

மாறுவதற்கு எந்த நாள் உகந்தது? ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்கு மாதாமாதம் 20-ஆம் தேதி கடைசி என்று இருப்பவர்களுக்கு 19-ஆம் தேதி இரவு. கல்லூரிப் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்கவேண்டிய நாளுக்கு முந்தின நாள். சிறுபத்திரிகை நடத்துபவர்களுக்கு இதழ் அச்சுக்குப் போகும் நாள். அன்றைக்கே உங்கள் ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையும் வந்து சேர்ந்தால் அது யோகம்.

2. பெட்டியை வாங்குங்கள்.

முதலில் விலை, அடுத்து நிறம். வேறெதையும் பார்க்காதீர்கள். ‘கோர் ஐ5’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் போதும், எத்தனையாவது தலைமுறை என்று கேட்டுக் கடைக்காரரைச் சங்கடப்படுத்த வேண்டாம். விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸரும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்று 2021-லிருந்தே மைக்ரோசாஃப்ட் சொல்லிவருகிறது. கடைக்காரர் “எல்லாம் ஓடும் சார்” என்பார். ஓடும்தான். எது ஓடும், எவ்வளவு நாள் ஓடும் என்று அவரும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

ரேம் 4 ஜிபி போதும். குறைந்தபட்சத் தேவை அதுதான் என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். குறைந்தபட்சம் என்று எழுதியிருக்கும் இடத்தில் எல்லாம் தாராளம் என்று படித்துப் பழகுங்கள்.

விண்டோஸ் இல்லாத ‘டாஸ்’ மாடல் இன்னும் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். அதையே வாங்குங்கள். ஓஎஸ்ஸை நாமே போட்டுக்கொள்ளலாம். நான் எதற்கு இருக்கிறேன்?

3. பட்டியல் போடாதீர்கள்.

பழைய கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கும் கெட்ட எண்ணம் சிலருக்கு வரும். எழுத ஆரம்பித்தால் பிரவுசர், டேலி, ஸ்கேனர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என்று நீண்டுகொண்டே போய்ப் பயம் வந்துவிடும். “எல்லாம் டெஸ்க்டாப்லதான் இருக்கு” என்று வீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி ஒரு தடவை சத்தமாகச் சொல்லுங்கள். பட்டியல் முடிந்தது.

4. டெஸ்க்டாப்பை அள்ளுங்கள்.

கன்ட்ரோல்-ஏ, கன்ட்ரோல்-சி, பென்டிரைவைத் திறந்து கன்ட்ரோல்-வி. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். பத்து வருட உழைப்பு இவ்வளவு சீக்கிரம் எப்படிக் காப்பியாகிறது என்று யோசிக்காதீர்கள். யோசித்தால் ஐகான்களின் இடது கீழ் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி அம்புக்குறி கண்ணில் பட்டுவிடும். அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட். உள்ளே இருப்பது ஃபைல் இருக்கும் இடத்தின் முகவரி மட்டும்தான், அளவு ஒன்றிரண்டு கேபி. ‘கடைக் கணக்கு’, ‘பாப்பா கல்யாணம்’, ‘வீட்டுப் பத்திரம்’ என்று முப்பது முகவரிகளைப் பத்திரமாக எடுத்துக்கொண்டீர்கள். பென்டிரைவை எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கி, முத்தமிட்டுச் சட்டைப்பையில் போடுங்கள்.

டேலி வைத்திருப்பவர்களுக்குத் தனிக் குறிப்பு. டேலியின் ஐகானை எடுத்துக்கொண்டாலே டேலியை எடுத்துக்கொண்ட மாதிரிதான். கம்பெனிக் கணக்குகள் டேட்டா என்ற ஃபோல்டருக்குள் வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்களில் இருக்கும். பெயரே இல்லாத ஒன்றை எதற்குச் சுமக்க வேண்டும்? இன்னொன்று. பழைய கம்ப்யூட்டரில் லைசென்ஸைச் சரண்டர் செய்துவிட்டுத்தான் புதியதில் ஆக்டிவேட் செய்வது வழக்கம். சரண்டரா? நீங்களா? கூடாது.

5. பாஸ்வேர்டுகளை நினைவில் வைத்திருப்பதாக நம்புங்கள்.

பிரவுசர் தானாகவே நிரப்பிக்கொண்டிருந்ததால் அவற்றை நீங்கள் கையால் அடித்துப் பல காலம் ஆகிறது. புள்ளி புள்ளியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். எட்டுப் புள்ளி என்பது நினைவிருக்கிறது, போதும். மீட்பதற்குக் கொடுத்த போன் எண் எது என்று பாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு வேறு யாருக்கோ போய்விட்ட எண்ணாக இருந்தால் திருப்தியாக அடுத்த படிக்குப் போகலாம்.

6. மிச்சத்தை ‘டி’ டிரைவுக்கு மாற்றுங்கள்.

‘சி’தான் ஃபார்மேட் ஆகும், ‘டி’ பத்திரம் என்பது நம் ஊர் கம்ப்யூட்டர் கல்வியின் முதல் பாடம். இரண்டும் ஒரே டிஸ்க்கைக் கோடு போட்டுப் பிரித்த பாகங்கள் என்பது இரண்டாவது பாடம், அன்றைக்கு நீங்கள் லீவு. கடக் கடக் என்று சத்தம் போடும் டிஸ்க்கில் சி-யிலிருந்து டி-க்கு ஃபைல்களை மாற்றுவது, தீப்பிடித்த வீட்டில் நகையை ஹாலிலிருந்து பெட்ரூமுக்கு மாற்றுவதைப் போன்றது. நிதானமாக மாற்றுங்கள். காப்பி வேண்டாம், கட் பண்ணிப் பேஸ்ட் செய்யுங்கள், இடம் மிச்சமாகும். யுபிஎஸ் பேட்டரி செத்து வெகுநாளாகிறது என்பதை இப்போது நினைக்கத் தேவையில்லை.

7. பென்டிரைவில் விண்டோஸை ஏற்றுங்கள்.

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று வேண்டும். இதற்கென்று கடைக்குப் போகாதீர்கள். சட்டைப்பையில் ஒன்று இருக்கிறதே! விண்டோஸை இறக்கித் தரும் மென்பொருள், பென்டிரைவில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும் என்று நின்று எச்சரிக்கும். அது ஆங்கிலத்தில் இருக்கும், நீளமாகவும் இருக்கும். கீழே நெக்ஸ்ட் என்று ஒரு பட்டன் உண்டு.

8. பழைய ஹார்ட் டிஸ்க்கையும் புதுப் பெட்டியிலேயே மாட்டச் சொல்லுங்கள்.

“ரெண்டும் உள்ளயே இருக்கட்டும் தம்பி.” சர்வீஸ் பையன் ஒன்றும் சொல்லமாட்டான், மாட்டிவிட்டுப் போவான். இப்போது புது எஸ்எஸ்டி ஒன்று, உங்கள் பத்து வருடத்தையும் வைத்திருக்கும் பழைய டிஸ்க் ஒன்று, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். இந்தப் படியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அடுத்த படி இதை நம்பித்தான் இருக்கிறது.

9. அழியுங்கள்.

பவர் பட்டனை அழுத்தியதும் எஃப்2, எஃப்12, டெலீட், எஸ்கேப் எல்லாவற்றையும் பியானோ வாசிப்பவர் வேகத்தில் தட்டுங்கள். ஏதாவது ஒன்று திறக்கும். நீலத் திரை வந்தால் புரியாத இரண்டு விஷயங்களை மாற்றி, எஃப்10 அழுத்திச் சேமித்துவிட்டு வெளியே வாருங்கள்.

கொஞ்ச நேரத்தில் விண்டோஸை எங்கே போடட்டும் என்று கேட்டு ஒரு திரை வரும். டிரைவ் 0, டிரைவ் 1 என்று தொடங்கி ஏழெட்டு வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மொத்த அளவு, காலி அளவு. அந்த எண்களைப் பார்த்தால் எது புதிது, எது பழையது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் என்பதால் பார்வையை வலப்பக்கம் கொண்டுபோக வேண்டாம். யூட்யூபில் ஒருவர் எல்லாப் பார்ட்டிஷனையும் டெலீட் பண்ணிவிட்டுச் சுத்தமாகப் போட்டாரே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் ஒரே டிஸ்க்தான் இருந்தது, அது அவர் பிரச்சினை. முதல் வரியைத் தேர்ந்தெடுங்கள், டெலீட், ஓகே. இரண்டாவது, டெலீட், ஓகே. கை ஓட்டத்தில் டி டிரைவும் போகும். திரை துடைத்துவிட்டாற்போல் இருக்கும். எவ்வளவு சுத்தம் பாருங்கள்.

10. கேட்கிற கேள்விக்கெல்லாம் நெக்ஸ்ட்.

இன்டர்நெட் வேண்டும் என்று கேட்கும். வைஃபை பட்டியல் காலியாக இருக்கும், ஏனென்றால் வைஃபை டிரைவர் இன்னும் ஏறவில்லை. அந்த டிரைவர் இன்டர்நெட்டில் இருக்கிறது. இதை ரசியுங்கள்.

அதைத் தாண்டினால் மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். பழைய கணக்கு வேண்டாம். புதிதாக ஒன்று தொடங்கி, பிறந்த தேதியை மனம் போனபடி கொடுத்து, பாஸ்வேர்டை எங்கும் எழுதாமல் மறந்துவிடுங்கள். புதிய விண்டோஸ் 11 இப்படிக் கணக்கில் நுழைந்ததும் வசதியுள்ள கம்ப்யூட்டர்களில் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிக்கொள்ளும். என்றாவது ஒருநாள், மதர்போர்டு மாற்றிய அன்றைக்கோ பயாஸ் அப்டேட் ஆன அன்றைக்கோ, 48 இலக்கத் திறவுகோல் ஒன்றைக் கேட்கும். அது எங்கே இருக்கும்? நீங்கள் மறந்துவிட்ட அந்தக் கணக்கில்தான்.

நாடு எது என்ற கேள்விக்கு யுனைடெட் ஸ்டேட்ஸ் என்று முன்பே போட்டிருந்தால் கையை வைக்காதீர்கள். இதன் அழகு எக்செல்லில்தான் தெரியும். ஏப்ரல் 5 என்று நினைத்து 5/4 அடித்தால் அது மே 4 என்று எடுத்துக்கொள்ளும். 13/4 அடித்தால், 13-ஆம் மாதம் கிடையாது என்பதால், தேதி என்றே ஒப்புக்கொள்ளாமல் கட்டத்தின் இடது ஓரத்தில் வெறும் எழுத்தாக ஒட்டிக்கொள்ளும். ஆக ஒவ்வொரு மாதமும் 12-ஆம் தேதி வரை ஒரு தப்பு, 13-லிருந்து வேறு தப்பு. 1,00,000 இருக்கவேண்டிய இடத்தில் 100,000. அப்படியே ஆடிட்டருக்கு மெயில் தட்டுங்கள். ஃபீஸ் வாங்குகிறார் அல்லவா?

11. காசு கொடுக்காதீர்கள்.

‘ஒரிஜினல்’ விண்டோஸ் என்பது வெள்ளைக்காரர்களுக்கு. கிராக் ஒன்று இறக்குங்கள். அதோடு வரும் குறிப்பில் முதல் வரியே, ஆன்டிவைரஸை நிறுத்து என்றுதான் இருக்கும். முன்பின் தெரியாத ஒருவர், காவல்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வை என்கிறார். பேச்சில் ஒரு தெளிவு இருக்கிறது, கேளுங்கள்.

அப்டேட்டையும் நிறுத்திவிடுங்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகம் முழுக்கப் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் வரை முடக்கிப்போட்டது. ஃபைல்களைப் பூட்டிவிட்டு 300 டாலர் மதிப்புக்கு பிட்காயின் கேட்டது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வந்திருந்தது. இரண்டு மாதம் தள்ளிப்போட்டவர்கள்தான் அந்த அனுபவத்தைப் பெற்றார்கள். நீங்களும் ‘பிறகு நினைவூட்டு’ என்பதையே அழுத்துங்கள்.

12. தமிழ். இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகக் கெடுக்கலாம்.

எப்போதோ மெயிலில் யாருக்கோ அனுப்பியிருந்த பழைய ஃபைல்கள் மட்டும் இந்நேரம் தப்பித்திருக்கும். இறக்கித் திறந்து பாருங்கள். தாத்தா சதாபிஷேக மலர், சங்கத்தின் ஆண்டறிக்கை, நீங்கள் பாதியில் விட்ட நாவல் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். வைரஸ் என்று முடிவு கட்டுங்கள்.

நடந்தது இதுதான். யூனிகோட் புழக்கத்துக்கு வருமுன் தமிழ் எழுத்துருக்காரர்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தார்கள். பாமினியில் ‘அம்மா’ அடித்தால் உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இருக்கிற கம்ப்யூட்டரில் திறந்தால் அம்மா தெரிவார். இல்லாத கம்ப்யூட்டரில் அந்த ஐந்தும் அப்படியே நிற்கும். வானவில்லுக்கு வேறு வரிசை, டிஸ்கிக்கு வேறு வரிசை. விண்டோஸ் 2000-இலேயே தமிழுக்கு யூனிகோட் வந்துவிட்டது. 2010-இல் தமிழ்நாடு அரசும் அதைத் தரமாக ஏற்று ஆணை போட்டது. நீங்கள் அவசரப்படவில்லை. எழுத்துருக்கள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரில் இருந்தன, டெஸ்க்டாப்பில் இல்லை, எனவே நம் கணக்கில் வரவில்லை, 9-ஆம் படியில் போய்ச் சேர்ந்தன.

இனி என்ன செய்யலாம்? மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பாமினி ஃபைலை எடுத்து டிஸ்கி மாற்றியில் போடுங்கள். வருவதைப் பார்த்துவிட்டு, அதையே வானவில் மாற்றியில் போடுங்கள். மூலத்தின் மேலேயே சேமியுங்கள். சரியான மாற்றி தப்பித்தவறி அமைந்துவிட்டால், நடுநடுவே இருக்கும் ஆங்கிலச் சொற்களையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். சங்கத்தின் மெயில் முகவரி யாராலும் உச்சரிக்க முடியாத தமிழாக மாறியிருக்கும். ஆண்டறிக்கையில் அதுவே தலைப்புக்குக் கீழே வரட்டும்.

யூனிகோடில் அடித்து வைத்தவர்கள் சிரிக்க வேண்டாம். லதா எழுத்துருவில் பக்கம் பார்த்துக் கட்டிய புத்தகமா? புதிய விண்டோஸில் நிர்மலாதான் முன்னாலேயே இருக்கும், லதாவைக் கூடுதல் எழுத்துருவாகத் தனியே நிறுவிக்கொள்ள வேண்டும். அது செட்டிங்ஸில் சில நிமிட வேலை. செய்யாதீர்கள். வரிகள் இடம் மாறி, பொருளடக்கத்தில் ஒரு பக்கம், உள்ளே ஒரு பக்கம் என்று ஆகட்டும்.

விசைப்பலகையையும் மறக்கக் கூடாது. விண்டோஸிலேயே தமிழ்99 இருக்கிறது. அதன் மேல் என்எச்எம் ரைட்டர், அதன் மேல் இ-கலப்பை, மனசு கேட்காவிட்டால் அழகியும். எல்லாமே கம்ப்யூட்டர் எழும்போதே எழட்டும். ‘வணக்கம்’ அடித்துப் பாருங்கள். யார் கை ஓங்குகிறது என்று பார்க்கலாம்.

13. பழைய ஸ்கேனரை மாட்டுங்கள்.

விண்டோஸ் 11 முழுக்க 64-பிட். உங்கள் ஸ்கேனரின் டிரைவர் 32-பிட்டோடு நின்றுவிட்டிருந்தால் வேலை செய்யாது. ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டுங்கள். ஒரு தடவை ஊதியும் பாருங்கள்.

14. மேகத்தை நம்புங்கள், பாதி மட்டும்.

போனிலிருந்து கொஞ்சம் போட்டோக்களை இறக்கி டெஸ்க்டாப்பில் வைப்பீர்கள். ஒன்டிரைவ் டெஸ்க்டாப்பையே தன்னோடு சேர்த்துக்கொள்ளச் சம்மதம் கேட்டதும், நீங்கள் நெக்ஸ்ட் கொடுத்ததும் நினைவிருக்காது. இலவச இடம் 5 ஜிபி. நிறைந்துவிட்டது என்று தினமும் புலம்பும். அதன் தளத்துக்குப் போய்ப் போட்டோக்களை அழித்து இடம் பண்ணிக் கொடுங்கள், “கம்ப்யூட்டர்லதான் இருக்கே” என்ற தைரியத்தில். அங்கே அழித்தால் இங்கேயும் அழியும். ஒன்டிரைவின் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் கிடக்கும். 31-ஆம் நாள் கவனியுங்கள்.

15. இப்போது அக்கா பையனைக் கூப்பிடுங்கள்.

அவன் படித்தது சிவில். அதனால் என்ன, குடும்பத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினியர் வேண்டுமே! இரவு பதினொரு மணிக்கு மேல் போன் போட்டு, “நான் ஒண்ணுமே பண்ணலடா, அதுவா போயிடுச்சு” என்று ஆரம்பியுங்கள்.

“பேக்கப் இருக்கா மாமா?”

“டெஸ்க்டாப்லதான் இருந்துச்சு.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. பிறகு சொல்வான்: “அந்தப் பழைய டிஸ்க்கைக் கழட்டி வச்சிடுங்க. அதுல எதையும் எழுதாதீங்க. சனிக்கிழமை வந்து பாக்கறேன்.”

சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. காத்திருக்காதீர்கள். குயிக் ஃபார்மேட் கொடுத்து, எல்லாம் போய்விட்டது என்று நீங்களே தீர்ப்புச் சொல்லி, கழற்றிய டிஸ்க்கைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுங்கள். குயிக் ஃபார்மேட் ஹார்ட் டிஸ்க்கின் அட்டவணையை மட்டும்தான் எடுக்கும். மேலே புதிதாக எதுவும் எழுதப்படாதவரை ஃபைல்கள் உள்ளே இருந்த இடத்திலேயே இருக்கும், மீட்பு மென்பொருள் வைத்திருக்கும் யாருக்கும் கிடைக்கும். பாப்பாவின் கல்யாணப் போட்டோ, ஆதார் ஸ்கேன், வீட்டுப் பத்திரம், ‘பாஸ்வேர்டு புதுசு’ என்ற எக்செல் ஃபைல் எல்லாம் அதை எடைக்கு வாங்கியவருக்குக் கிடைக்கும்.